கணினிக்கும் ஆயுள் குறிக்கும் முதலாளிகள்!

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு இனி இல்லை என்று கைவிரித்தது மைக்ரோசாப்ட் ஏகபோகம். மேலும் ஓராண்டு பாதுகாப்பு வேண்டுமானால் 30 டாலர் கொடு. இல்லையேல் எங்கள் கணக்கில் உன்னைப் பிணைத்துக்கொள் என்றது! புதிய விண்டோஸ் 11-ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை.

பிள்ளைகள் படிக்க நாம் கடன்பட்டு வாங்கிய கணினி, ஓடும் நிலையிலேயே குப்பைக்குப் போவதா?

வேண்டியதில்லை. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் வழி காட்டுகிறது. லினக்ஸ் பழைய கணினியை ஓட்டும். கிளாம்ஏவி வைரஸைக் கண்டுபிடிக்கும். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த தகவலை மீட்க உதவும். மூன்றும் இலவசம், மூன்றும் எவனும் பூட்ட முடியாத பொதுச் சொத்து.

சங்க அலுவலகம்தோறும் இவற்றைக் கற்போம், கற்பிப்போம்! நாம் வாங்கிய பொருளுக்கு நாமே எஜமானர்!