ஏதுவை வெட்டி எறிந்தவர்கள்

இலக்கணம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளி நகைப்போர் நம்மிடையே பலர். ஒரு சொற்றொடரின் ஒரு பாதியை மறைத்து மறுபாதிக்கு மட்டும் பொருள் கூறி, அப்பொருளையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுக்கும் நாடொன்று உண்டென்பதை அவர் அறியார். அந்நாடு அமெரிக்கா. அச்சொற்றொடர், அந்நாட்டு அரசியற் சட்டத்தில் 1791-ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற இரண்டாம் திருத்தம். ஆங்கிலத்தில் 27 சொற்களே கொண்டது.

துப்பாக்கி என்பது துருக்கியர் வழி வந்த அயற்சொல். தனித்தமிழார் துமுக்கி என்பர். திருக்குறளின் வான்சிறப்பில் வரும் ஒரு சொல்லைக் காட்டி, வள்ளுவரே துப்பாக்கியைப் பாடினார் என்று மாணவர் நகையாடுவதுண்டு. அங்கே அதற்கு 'உணவை ஆக்கி' என்பதே பொருள். ஒலியைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிடும் சிறுவர் விளையாட்டு அது. அமெரிக்க நடுவர்கள் ஆடியதோ விளையாட்டன்று.

அத்திருத்தத்தைத் தமிழாக்கின் இவ்வாறு அமையும்: நன்கு ஒழுங்குற்ற குடிப்படை, உரிமை நாடொன்றின் காவலுக்கு வேண்டுவதாய் இருத்தலின், படைக்கலம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது. 'இருத்தலின்' என்பதிலுள்ள இன்னுருபு ஏதுப்பொருளில் வந்தது. ஆங்கில மூலத்திலும் அவ்விடத்து நிற்பது ஏதுவை உணர்த்தும் தொடரே. குடிப்படை ஏது, உரிமை அதன் முடிபு.

ஏரிக்கரை உடையும் நிலையில் இருத்தலின் ஊரார் மண்வெட்டி கொண்டு வருவதை எவரும் தடுத்தலாகாது என்று ஓர் ஊர்மன்றம் ஓலை எழுதி வைத்ததாகக் கொள்வோம். ஏரி தூர்ந்து அதன்மேல் தெருக்களும் எழும்பிவிட்டன. இருநூறு ஆண்டு கழித்து ஒருவன் மண்வெட்டியை ஓங்கியவாறு கடைத்தெருவில் நடக்கின்றான். கேட்டால், 'இஃது ஓலை தந்த உரிமை. ஏரியைப் பற்றிய பகுதி வெறும் முகவுரை' என்கின்றான். அவனை நாம் என்னென்போம்?

அமெரிக்கத் தலைமை அறமன்றம் 2008-ஆம் ஆண்டு, ஃகெல்லர் வழக்கில், இதனையே சொல்லிற்று. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். முன்தொடர் நோக்கத்தை அறிவிக்குமேயன்றிப் பின்தொடரை வரம்பிடாது என்று ஐவர் சார்பில் எழுதினார் நடுவர் இசுகாலியா. சுடீவன்சு முதலிய நால்வர் மறுத்தனர். ஆங்கில மொழியறிஞர் சிலர் இத்தொடரின் இலக்கணத்தை எழுத்து வழி மன்றத்துக்கு எடுத்துரைத்தும் பெரும்பான்மையர் ஏற்றிலர். இதே மன்றம் 1939-இல், குடிப்படையோடு தொடர்பு காட்டப்பெறாத குறுங்குழல் துமுக்கிக்கு இத்திருத்தம் காவலாகாது என்று கூறியிருந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

குடிப்படை என்பது அன்று வெறுஞ்சொல்லன்று. 1792-இல் இயற்றிய சட்டம், 18 அகவை முதல் 45 அகவை வரையுள்ள உடல்வலி வாய்ந்த வெள்ளைக் குடிமகன் ஒவ்வொருவனும் படையில் பெயர் பதிந்து, தன் துமுக்கியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டுமென்றது. ஒரு குண்டு வெடித்தபின் மருந்திட்டு இடித்து மறுகுண்டு செலுத்தும் காலம் அது. அக்கடமை மறைந்தது. கருவியோ பெருகிற்று: 2017-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி அந்நாட்டுப் பொதுமக்கள் கையில் இருந்த துமுக்கிகள் ஏறத்தாழ 39 கோடியே 30 இலக்கம், மக்கள் தொகையினும் மிகுதி! 2021-இல் துமுக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர். கள்வனுக்கென வாங்கி வைத்தது கைக்குரியவனையே தின்றது.

'வெள்ளையன் 1878-இல் படைக்கலச் சட்டம் இயற்றி நம் கைகளை வெறுங்கையாக்கினானே, படைக்கலம் விடுதலையின் அடையாளம் அன்றோ?' என்று வினவும் அன்பர் நம்மிடத்தும் உளர். நல்ல வினா. இலிட்டன் காலத்து அச்சட்டத்தின் கொடுமை, உரிமம் கேட்டதில் இல்லை. இந்நாட்டானிடம் கேட்டு ஐரோப்பியனிடம் கேளாது விட்டதில் இருந்தது. அமெரிக்காவிலும் அதே தன்மையைக் காணலாம். கலிப்போர்னியாவில் கறுப்பினத்து இளைஞர் துமுக்கி ஏந்தித் தம் தெருக்களைக் காக்கத் தொடங்கியதும், 1967-இல் குண்டேற்றிய துமுக்கியைப் பொதுவிடத்தில் ஏந்தலாகாதென்று சட்டம் பிறந்தது; கையொப்பமிட்டவர் ஆளுநர் இரேகன். பிறப்புரிமை எனின் நிறத்தைக் கண்டதும் அஃது ஏன் சுருங்கிற்று? நம் அரசியற் சட்ட அவையில் 1948-இல் காமத்து இவ்வுரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்கக் கேட்டபோது அம்பேத்கார் மறுத்தார்; கள்வனும் கொள்ளையனும் அதனைத் தன் உரிமையெனக் கேட்பானே என்பது அவர் தடை. உரிமை வேறு, உரிமம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. 1996-இல் இசுகாட்டுலாந்தின் தன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். மறு ஆண்டே கைத்துமுக்கிகளைத் தடை செய்தது ஆங்கில அரசு. அதே 1996-இல் 35 பேரை இழந்த ஆத்திரேலியா ஏறத்தாழ ஆறரை இலக்கம் துமுக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது.

அமெரிக்கா என்ன செய்தது? 2022 மே 24-ஆம் நாள் தெக்சாசு மாநிலத்து உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியரும் கொல்லப்பட்டனர். துமுக்கி ஏந்திய காவலர் மொத்தம் 376 பேர் அங்கு வந்து சேர்ந்தனர். எனினும் கொலைஞனை எதிர்கொள்ள 77 மணித்துளி கழிந்தது. அடுத்த மாதமே ஒகையோ மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. பள்ளியில் துமுக்கி வைத்துக்கொள்ள ஆசிரியர்க்கு அதுவரை 700 மணிக்கு மேற்பட்ட பயிற்சி வேண்டியிருந்தது. இனி 24 மணி போதுமாம்! 376 காவலர் தயங்கி நின்ற வாயிலில் 24 மணிப் பயிற்சி பெற்ற ஆசிரியை என் செய்வாள்?

முப்பது ஆண்டுக்கு மேலாகச் சுண்ணக்கோல் பிடித்த கை என் கை. கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியன் மாணவர்க்கு முதுகைக் காட்டியே நிற்கின்றான். அந்நம்பிக்கையின் மேல் நடப்பதே வகுப்பு. இடுப்பில் துமுக்கியோடு நிற்பவன் அங்கே காவலாளி. நம் தமிழ்க் குடும்பங்கள் பல அந்நாட்டில் குடியேறி, அவர்தம் மக்கள் அவ்வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இது நமக்கும் ஊர்ச்செய்தியே.

2023 சனவரியில் வர்சீனியா மாநிலத்துப் பள்ளியொன்றில் ஆறு அகவைக் குழந்தை தன் ஆசிரியரை வகுப்பிலேயே சுட்டது. ஆசிரியர் உயிர் பிழைத்தார். அத்துமுக்கி கள்ளச் சந்தையில் வாங்கியதன்று. தாய் வாங்கி வீட்டில் வைத்திருந்தது. அக்குழந்தை எந்தக் குடிப்படையைச் சேர்ந்தது என்று அவ்வறமன்றத்தார் நமக்குச் சொல்லட்டும்.