எத்துப்பல் அழகுப் பிரச்னை மட்டும்தானா?

தஞ்சாவூர்ப் பக்கம் எத்துப்பல்லைப் பற்றிய கவலை எப்போது வருகிறது தெரியுமா? பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போது! அதுவரை "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு அவசரமாகக் கம்பி கட்ட ஓடுவார்கள். பையன் என்றால் அந்த ஓட்டமும் கிடையாது.

ஆனால் இது அழகுப் பிரச்னை மட்டும் இல்லை. கீழ்ப்பல் வரிசையைப் பக்கவாட்டில் பாருங்கள். அது நேர்க்கோடாக இருக்காது. முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் சற்று உயர்ந்து, நடுவில் கயிறு தொய்ந்தது போலத் தாழ்ந்திருக்கும். 1890-ல் இதை விவரித்த ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஸ்பீயின் பெயரால் இதை 'ஸ்பீ வளைவு' என்கிறார்கள். 1972-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், சிகிச்சை இல்லாமலே நன்றாக அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை ஆராய்ந்தார். அவற்றில் இந்த வளைவு தட்டையாகவோ லேசாகவோதான் இருந்தது.

வளைவு அதிகமானால் என்ன ஆகும்? மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அளவுக்கு மீறி மூடிக்கொள்ளும். சிலருக்குக் கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேல்பல் முன்னால் தள்ளி நின்றால் கீழ்ப்பல்லுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது. அது மேலும் மேலும் எழும்பி வளைவை ஆழமாக்கும். அதாவது கோளாறு வளைவைக் கூட்டுகிறது, வளைவு கோளாறைக் கூட்டுகிறது!

அதனால்தான் வயது முக்கியம். நிலையான முதல் கடைவாய்ப்பல் 6 வயதிலும் இரண்டாவது 12 வயதிலும் முளைக்கின்றன. அந்தக் காலத்தில்தான் இந்த வளைவு உருவாகிறது. 7 வயதுக்குள் ஒரு முறையாவது காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. உடனே கம்பி கட்ட அல்ல, பார்த்து வைக்கத்தான். வளரும் வயதில் தாடையின் வளர்ச்சியையே சிகிச்சைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வளர்ச்சி நின்றபின் பல்லை நகர்த்தலாம், தாடையை நகர்த்த அறுவை சிகிச்சை வேண்டும்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் குழந்தைகளுக்கு 30 வகைக் குறைபாடுகளைப் பரிசோதிக்கிறார்கள். பற்சொத்தை அதில் இருக்கிறது. பல் வரிசைக் கோளாறு இல்லை. பள்ளிக்கு வரும் குழு எப்படியும் பிள்ளையை வாய் திறக்கச் சொல்கிறது. பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்க்க இன்னும் அரை நிமிடம் ஆகுமா?

சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை, மாதம் ஒரு முறை போகவேண்டும். 2023-ல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது டெல்டாவின் தென்பகுதிக்கு நல்ல செய்தி. ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் போகும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. மாதாந்திரப் பார்வையை வட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தால் பாதிப் பேர் நடுவில் விட்டுவிட மாட்டார்கள்.

கோணலான பல் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவையில்லை. எதற்குத் தேவை என்பதை 7 வயதில் மருத்துவர் சொல்லட்டும். 22 வயதில் மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டாம்!