எழுதிய கை எது?

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 250 பேர் உழைக்கும் ஆலை ஒன்று. அதன் உரிமையாளர் மாலைத் தேநீரை அருகே வைத்துக்கொண்டு கணினியின் முன் அமருகிறார். "எம் தொழிலாளருக்கு ஒரு பணியாளர் கையேடு எழுதித் தருக" என்று செயற்கை நுண்ணறிவுக்கு ஆணையிடுகிறார். தேநீர் ஆறுவதற்குள் 40 பக்கம் நிறைந்துவிடுகிறது. வருகை, விடுப்பு, ஒழுங்கு, தண்டனை, வேலைநீக்கம் — எல்லாம் வரிசை வரிசையாக, வழுவற்ற ஆங்கிலத்தில்! மறுநாள் அச்சாகிறது. "படித்தேன், புரிந்துகொண்டேன், ஒப்புகிறேன்" என்னும் கடைசித் தாளில் தொழிலாளரின் கையொப்பம் வாங்கப்படுகிறது. எழுதுவித்தவரே முழுதும் படிக்காத ஏட்டைத் தாம் படித்துவிட்டதாகத் தொழிலாளர் சாட்சியம் கூற வேண்டும்!

கற்பனைதானே என்று தள்ளிவிட வேண்டா. அத்தகைய பொறி இன்று எவர் கைக்கும் எட்டும் பொருளாகிவிட்டது. ஆகவே நாம் கேட்கிறோம்: அந்த ஏட்டை எழுதிய கை எது?

பொறியைக் கண்டு மருளும் கூட்டமல்ல நாம். 'இனிவரும் உலகம்' என்று அறிவியலின் வருங்காலத்தை ஆவலுடன் பேசிய பெரியாரின் வழிவந்தோர் நாம். மனிதனின் முதுகுச் சுமையை இயந்திரம் இறக்கிவைக்கட்டும் என்று வாழ்த்துகிறோம். எழுத்துச் சுமையையும் இறக்கிவைக்கட்டும். வேண்டா என்று சொல்லோம். ஆனால் சுமையை இறக்குவது வேறு, பொறுப்பைக் கைகழுவுவது வேறு.

ஏடுகளின் பெயரால் ஆளப்பட்ட நாடு இது. ஒருவன் உழைக்க வேண்டும், மற்றொருவன் உண்ண வேண்டும் என்று எழுதிவைத்தனர். "யார் எழுதியது?" என்று கேட்டபோது, "மனிதன் எழுதியதன்று, மேலிருந்து வந்தது" என்றனர். எழுதியவனை மறைத்துவிட்டால் ஏட்டை எதிர்க்க ஆளில்லை என்பதே அந்தச் சூழ்ச்சியின் உயிர்நிலை. இன்று அதே குரல் புதிய உடையில் வருகிறது. "ஏன் ஐயா இந்த விதி?" என்று தொழிலாளி கேட்டால், "கணினி தந்தது அப்பா!" என்று பதில் வருமாயின், மனு தந்தார் என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அந்தப் பொறி முக்காலமும் உணர்ந்த முனிவர் அன்று. தனக்கு ஊட்டப்பட்ட கோடிக்கணக்கான எழுத்துகளிலிருந்து, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கோப்பது அதன் தொழில். கோவை அழகாயிருக்கும், உண்மையாயிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நியூயார்க் மாநகராட்சி 2023இல் வணிகர்களுக்குச் சட்டம் சொல்ல இத்தகைய உரையாடு பொறி ஒன்றை ஏற்படுத்தியது. பணியாளருக்கு வாடிக்கையாளர் தரும் அன்பளிப்புக் காசில் முதலாளி பங்கெடுத்துக்கொள்ளலாம் என்று அது அறிவுரை கூறியதைப் பத்திரிகையாளர்கள் 2024இல் வெளிப்படுத்தினர். சட்டமோ அதைத் தடுக்கிறது!

ஏர் கனடா விமான நிறுவனத்தின் பொறி, பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. வழக்கு வந்தபோது, அந்தப் பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட உருவம் என்ற அளவுக்கு நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பொறுப்பு நிறுவனத்தினுடையதே என்று தீர்ப்பளித்தது. பயணிக்கு உரைத்த பொய்க்கே அந்த நீதி என்றால், தொழிலாளியின் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஏட்டுக்கு எந்த நீதி வேண்டும்?

பொறிக்கு ஊட்டப்பட்ட எழுத்தில் அமெரிக்க ஆங்கிலமே மிகுதி. அந்நாட்டில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், காரணம் காட்டாமலே ஒருவரை வேலையிலிருந்து அனுப்பலாம் என்பது பொதுவிதி. அவ்வாசகம் நம் ஊர் ஆலையின் கையேட்டில் நுழைந்தால் என்னாகும்? இங்கோ, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசு நிறுவனமொன்றின் பணிவிதி, நிரந்தர ஊழியரை மூன்று மாத முன்னறிவிப்புடன் காரணமின்றி நீக்க இடந்தந்தபோது, அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1986இல் உரைத்தது. கையொப்பமிட்டாயே என்ற வாதம் அங்கு எடுபடவில்லை.

இன்னொன்று கேளுங்கள். பாகுபாடு கூடாது என்று அயல்நாட்டுக் கையேடுகள் பட்டியல் தரும்: இனம், நிறம், மதம், பால், வயது. எல்லாம் இருக்கும், சாதி இராது! அங்கு அது கண்ணிற்படாத நோயாயிருந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் பணியாளர் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது 2020ஆம் ஆண்டளவில்தான். அமெரிக்க நகரங்களுள் முதலாவதாகச் சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது 2023இல். கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையோ அதே ஆண்டு ஆளுநர் தடுத்துவிட்டார். அந்த எழுத்துகளைத் தின்று வளர்ந்த பொறி, தமிழ்நாட்டுத் தொழிற்சாலைக்குப் பட்டியல் எழுதும்போது சாதியை விட்டுவிட்டால் வியப்பில்லை. விட்டதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? தனிக் குவளை வைக்கப்பட்டவரே அன்றோ! அவரைக் கேட்டீரா?

கேட்பது என்ற அந்த ஒன்றைப் பெறவே நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமா? பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்கு உணவு வேளை போதாது. அந்தச் சிறு குறையும் சேர்ந்து மூட்டிய தீயில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் துணைநின்றனர். உண்ண எத்தனை நிமிடம் என்பதை உண்பவனைக் கேட்காமல் எழுதினர், சங்கம் எழுந்தது!

பின்னர் 1946இல் நிலையாணைச் சட்டம் வந்தது. முதலாளி வரைவு எழுதலாம். ஆனால் அதன் படி தொழிற்சங்கத்துக்குப் போக வேண்டும், மறுப்பைக் கேட்க வேண்டும், அதன் பிறகே அதிகாரி சான்றளிப்பார். 1956ஆம் ஆண்டுத் திருத்தம், விதி நியாயமானதா என்று ஆராயவும் அவருக்கு அதிகாரம் தந்தது. தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியில் வாயிலருகே அதனை எழுதி வைக்கவும் சட்டம் கட்டளையிட்டது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்பு 100 பேர் இருந்தாலே நிலையாணை கட்டாயம். இப்போது 300 பேர் வேண்டும். 299 பேர் உழைக்கும் ஆலையில் மத்தியச் சட்டத்தின் நிலையாணைக் கட்டாயம் இல்லை. அங்கே விதி என்பது யாது? முதலாளி விரும்பி எழுதும் கையேடு! கேட்கும் கட்டாயம் விலகிய நேரமும், கேட்காமலே எழுதித் தரும் பொறி கிடைத்த நேரமும் ஒன்றாக வாய்த்திருக்கின்றன. அதுதான் நம் அச்சத்தின் காரணம்.

"சிறு தொழில் நடத்துபவன் வழக்கறிஞருக்கு எங்கே போவான்? ஒன்றுமில்லாததற்கு இது மேலன்றோ?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. எழுதப்படாத விதி முதலாளியின் முகச்சுளிப்புக்குத் தக்கவாறு மாறும். எழுதப்பட்ட விதியைக் காட்டி வாதாடலாம். ஆகவே பொறி வரைவு எழுதட்டும் என்கிறோம். வரைவு வரைவாகவே இருக்கட்டும், வேதமாக வேண்டா என்கிறோம்.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கையேடு தமிழில் வரட்டும். வேற்று மாநிலத் தொழிலாளர் இருப்பின் அவர்தம் மொழியிலும் வரட்டும். இரண்டாவது, அச்சுக்கு முன் அது தொழிலாளர் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். மறுப்புக்கு நாள் கொடுக்கப்படட்டும். மூன்றாவது, இவ்விதிகளுக்கு நானே பொறுப்பு என்று மனிதர் ஒருவர் பெயரெழுதி ஒப்பமிடட்டும். தொழிலாளி ஒப்பமிட வேண்டுமென்றால், முதலில் எழுதியவர் ஒப்பமிடுவதில் என்ன தடை?

இளந்தோழர்களே! உங்கள் தந்தைக்கோ தமக்கைக்கோ நாளை ஒரு கையேடு தரப்படலாம். அதை வாங்கி அமர்ந்து படியுங்கள். அதே பொறியிடம் கொடுத்து, தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அது சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டுமென்று 2021இல் தமிழ்நாடு செய்த சட்டம் அதில் உண்டா? 10 பேர் பணிபுரியும் இடத்திலும் பாலியல் கொடுமையை விசாரிக்கக் குழு வேண்டுமென்ற 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டா? குழுவினர் பெயர்கள் உண்டா, வெற்றிடம் உண்டா? சாதி என்ற சொல் உண்டா?

இல்லையெனில் ஒப்பமிடுமுன் எழுந்து கேளுங்கள். எழுதியவர் யார் என்று கேட்டுத்தான் பழைய ஏடுகளின் ஆட்சியை அசைத்தோம். புதிய ஏட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு?