சொல்லிக்கொண்டு புறப்படுவோம்!

வாசலில் நின்று "போகிறேன்" என்பது தமிழர் வழக்கமல்ல; "போய் வருகிறேன்" என்பதே மரபு. மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த நம் இளைஞர் சிலர் வாயில் இப்போது "எஸ்கேப்"தான். வேடிக்கைக்குச் சொன்னால் குற்றமில்லை. கடைப் பாக்கியும் அறை வாடகையும் கொடுக்காமல் இரவோடிரவாக ரயிலேறுவதற்கும் அதே சொல்லா? அதைத் தமிழில் "கம்பி நீட்டினான்" என்போம். மலையாளி "முங்ஙி" என்பார். இரண்டிலும் பழி ஒட்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லோ அதைச் சாமர்த்தியமாக்கிவிடுகிறது.

இவ்வூர் யூதர்கள் 1948-ல் இஸ்ரேல் அமைந்தபின் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். அப்பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "அலியா"; ஏறுதல் என்று பொருள். புறப்பாட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு.

ஓடியவன் தப்பிவிடுகிறான். அடுத்து வரும் தமிழனுக்கோ கடனும் கிடைப்பதில்லை, அறையும் கிடைப்பதில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டு, "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுவோம்.