குன்றேறிப் பார்த்தால் வாய்க்கால் தெரியும்

கேள்வி: எங்கள் ஊர் ஒரகடம் – சிங்கப்பெருமாள்கோவில் சாலையை ஒட்டியது. மழை நன்றாகப் பெய்தும் ஏரி பாதிதான் நிரம்புகிறது. நவரைக்கு நாற்று விடவே பயமாக இருக்கிறது. ஏரியைத் தூர்வாரினால் சரியாகுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தூர்வாரினால் ஏரியின் வயிறு பெரிதாகும். தண்ணீர் வரும் வழி திறக்காது. முதலில் பக்கத்தில் உள்ள ஆப்பூர் மலையில் ஏறிப் பாருங்கள். ஔஷதகிரி என்றும் சொல்வார்கள். உச்சியில் பெருமாள் கோயில். ஏறப் படிக்கட்டு உண்டு. மழை விட்ட மறுநாள் காலையில் போவது நல்லது. ஓடும் தண்ணீர் அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

நானும் அப்படி ஒரு ஐப்பசிக் காலையில் ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கியது; உட்கார்ந்தேன். கீழே ஏரிகள், வயல்கள், சாலை, தொழிற்சாலைக் கூரைகள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்தன. தரையில் நிற்கும்போது மதில் மட்டும்தான் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் மேடு எது, பள்ளம் எது என்பது மேலிருந்துதான் புரிந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். குன்றின் சரிவில் புதர் இருந்தால் அது மெதுவாக இறங்கும். சரிவைச் சுரண்டி கிராவல் எடுத்துவிட்டால் மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து ஏரியை மேடாக்கும்.

மேலிருந்து பார்த்த வழியைக் கீழே இறங்கி நடந்து பாருங்கள். கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் வைத்துக்கொண்டு, வாய்க்கால் புறம்போக்கின் புல எண்களைக் குறியுங்கள். பல இடங்களில் சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப்பாலம் மண் அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். ஆக்கிரமிப்பு இருந்தால் புல எண்ணோடு, படத்தோடு மனு கொடுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. உங்கள் பகுதி அந்த எல்லையில் இருக்கிறது. வாய்க்கால் ஒரு மாவட்டத்திலும் ஏரி இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், இரண்டு ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். தண்ணீருக்கு மாவட்டம் தெரியாது, கோப்புக்குத் தெரியும்.

தனியாகப் போகாதீர்கள். பழைய மடை, மதகு தெரிந்த பெரியவர் ஒருவரையும், கைப்பேசியில் படம் எடுக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.