ஒரே முகத்துக்கு அஞ்சு சீரமா? காசும் போகுது, தோலும் போகுது!

முன்பெல்லாம் ஒரு சோப்பு, கொஞ்சம் பவுடர். முகத்துக்கு வேறு செலவே கிடையாது. இப்போது மாதச் சாமான் பட்டியலிலேயே வைட்டமின் சி சீரம், ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட் என்று நாலைந்து பாட்டில் ஏறிவிட்டது.

வாங்கட்டும். தப்பில்லை. வாங்கியதை எல்லாம் ஒரே ராத்திரியில் முகத்தில் பூசுகிறார்களே, அதுதான் வினை!

இவை தோலில் வேலை செய்கிற ரசாயனங்கள். பவுடர் மாதிரி கழுவினால் போய்விடாது. கிளைகாலிக் ஆசிட், தோலின் மேலே இருக்கும் செத்த செல்களை உரிக்கும். சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். துவாரத்துக்குள் போய் அடைப்பை எடுக்கும். ரெட்டினால், தோல் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டும்.

தனித்தனியாக மூன்றும் நல்ல சரக்குதான். மூன்றையும் சேர்த்துப் பூசினால் முகம் சிவக்கும், எரியும், செதில் செதிலாக உரியும். மாநிறத் தோலில் எரிச்சல் ஆறின இடத்தில் கறுப்புத் திட்டு விழும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும். கறுப்பைப் போக்கப் போய், காசு கொடுத்துக் கறுப்பு வாங்கின கதை!

எது எப்போது?

கணக்கு சுலபம். காலையில் வைட்டமின் சி, அதன்மேல் சன்ஸ்கிரீன். இரவில் ரெட்டினால் மட்டும். கிளைகாலிக் ஆசிட் வேண்டுமா? ரெட்டினால் பூசாத இரவில், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். நியாசினமைடு சாது. எதோடும் ஒத்துப்போகும்.

புதுசு எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். அப்போதுதான் அரிப்பு வந்தால் ஆசாமி யார் என்று பிடிபடும். கர்ப்பிணிகள் ரெட்டினால் பக்கமே போகக்கூடாது.

சதவீதம் கூடினால் பலனும் கூடும் என்று நினைப்பதும் ஏமாளித்தனம். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் இருந்தாலே, 10 சதவீதத்துக்கு ஈடாக வேலை செய்யும் என்று 1986-ல் வெளியான ஆய்வு காட்டியது. எரிச்சலும் குறைவு.

வெயிலை மறக்கலாமா?

கிளைகாலிக் ஆசிட்டை நிறுத்தின பிறகும் ஒரு வாரம் வரை தோல் வெயில் தாங்காது. பஸ்சுக்கு நிற்பவர், ஸ்கூட்டரில் போகிறவர் எல்லாம் யோசிக்க வேண்டும். சன்ஸ்கிரீனுக்குக் காசு இல்லையா? அப்படியானால் ஆசிட்டும் வேண்டாம்!

டியூப் ஆபத்து

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. 1975-ல் அமெரிக்க டாக்டர்கள் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து ஒரு பூச்சு தயாரித்தார்கள். அந்த வகைக் கலவை, மங்கு போன்ற திட்டுகளுக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் மட்டும் போடவேண்டிய மருந்து. நம் ஊரில் அது வெள்ளைத்தோல் கிரீம் ஆகிப்போச்சு!

ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். ரத்த நாளம் தெரியும். பரு கிளம்பும். நிறுத்தினாலோ முகம் தீயாக எரியும். மறுபடி அதையே தடவத் தோன்றும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆக்கியது. அப்படியும் "வெள்ளையாக ஒரு டியூப்" என்று கேட்டதும் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன.

கடைக்காரர்கள் ஒரு வார்த்தை, "சீட்டு எங்கேம்மா?" என்று கேட்டால் எத்தனையோ முகம் தப்பும். கம்பெனிகளும் பாட்டிலில் எதை எதோடு பூசக்கூடாது என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காசு வாங்கும்போது தமிழில் எச்சரிக்கை போட என்ன தயக்கம்?

எரிச்சல் கண்டவர்கள் எல்லா சீரத்தையும் நிறுத்திவிட்டு, அரசு ஆஸ்பத்திரி தோல் நோய்ப் பிரிவுக்குப் போகட்டும். போகும்போது பூசின பாட்டில், டியூப் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போகட்டும். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்!