திரைப்படம், வீடியோ கேம்: புதிய தடை வேண்டாம், இருக்கும் சட்டம் நடைமுறைக்கு வரட்டும்

கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
திரைப்படம், குறும்படம், வீடியோ கேம் துறைகளில் பணிபுரிவோர் சங்கம்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

வழி: சார் ஆட்சியர் அவர்கள், பத்மநாபபுரம், தக்கலை.

பொருள்: திரைப்படம் மற்றும் வீடியோ கேம் துறைகளுக்கான சட்டங்களை மாவட்ட அளவில் செயல்படுத்தவும், சட்டத்தை மதித்துத் தொழில் செய்வோருக்கு நடைமுறையை எளிதாக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தக்கலையிலும் சுற்றுவட்டாரத்திலும் குறும்படம் எடுப்போர், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், டப்பிங் கலைஞர்கள், படப்பிடிப்புத் தொழிலாளர்கள், கணினியில் கேம் வடிவமைக்கும் இளைஞர்கள் ஆகியோர் சேர்ந்தது எங்கள் சங்கம். பெற்றோர்களும் உறுப்பினர்களாக உள்ளனர். அதனால் இம்மனுவில் தொழில் செய்பவரின் குறையும் பிள்ளை வளர்ப்பவரின் கவலையும் ஒருசேர இருக்கும்.

எங்கள் துறைக்குச் சட்டம் குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. திரைப்படச் சட்டம் 1952 முதல் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், இணையவழி விளையாட்டுச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. ஆனால் இவற்றுக்குக் கட்டுப்படுபவருக்கே அலைச்சலும் செலவும் நேருகின்றன. கண்டுகொள்ளாமல் போகிறவரை யாரும் கேட்பதில்லை. இந்த நிலை நீடித்தால் ஒழுங்காகத் தொழில் செய்பவர்தான் முதலில் தொழிலைவிட்டுப் போவார். ஆகவே பின்வரும் கோரிக்கைகளைத் தங்கள் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

1. குழந்தைக் கலைஞர்கள்

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாத பிள்ளைகள் படிப்பு கெடாமல் நடிக்கலாம் என்று அனுமதிக்கிறது. அதற்கான நிபந்தனைகளை 2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன் அனுமதி பெற்று, படிவம் 'சி'யில் உறுதிமொழி தர வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளராக இருக்க வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளை மேஜரானதும் அது அவருக்குச் சேர வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் குறும்படம் எடுக்கும் ஒருவர் இந்தப் படிவத்தை எந்தப் பிரிவில், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறார். அனுமதி வந்து சேர்வதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது. படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவரோ படத்தை முடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்.

ஆகவே,
(அ) பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்திலேயே படிவம் 'சி'யைப் பெற்றுக்கொள்ளவும், 7 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.
(ஆ) அனுமதி பெற்ற படப்பிடிப்புகளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நேரில் பார்வையிட வேண்டும்.
(இ) வீடியோ கேமுக்குக் குரல் கொடுக்கும், உடலசைவு பதிவுக்கு நடிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பாதுகாப்பு பொருந்தும் என்று தெளிவுபடுத்த வேண்டும்.

2. சான்றிதழ் பெற்ற படங்களும் சட்டம் ஒழுங்கும்

எங்கள் மாவட்டத்தில் மூன்று மதத்தாரும் நெருங்கி வாழ்கிறார்கள். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை மறந்துவிட்டு நாங்கள் பேசவில்லை. ஒரு படத்துக்கு எதிர்ப்பு என்றதும் அலுவலர்களுக்கு வரும் பதற்றம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதற்றத்துக்குத் தீர்வு படத்தை நிறுத்துவது அல்ல என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல் வந்த தீர்ப்பே இதற்கு அடிப்படை. ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. 'ஆரக்ஷண்' இந்திப் படத்தை உத்தரப் பிரதேச அரசு நிறுத்திவைத்தபோது, 2011இல் அந்தத் தடையையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

அதற்குப் பிறகும் 2013 ஜனவரியில், தணிக்கைச் சான்று பெற்ற 'விஸ்வரூபம்' படத்தை 144 தடை உத்தரவின் மூலம் தமிழகம் முழுவதும் ஆட்சியர்கள் நிறுத்தினார்கள். வழக்கு, மேல்முறையீடு, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து சில வெட்டுகளுடன் பிப்ரவரி 7 அன்றுதான் தமிழகத் திரையரங்குகளில் அப்படம் வெளிவந்தது. நாடறிந்த நடிகரின் படத்துக்கே இந்தக் கதி என்றால், ஊர்க் கோயில் திருவிழாவையோ தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ கதைக்களமாக வைத்துப் படம் எடுக்கும் சிறு இயக்குநரின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, சான்றிதழ் பெற்ற படத்துக்கு எதிர்ப்பு எழுந்தால்,
(அ) முதலில் திரையரங்குக்கும் படக்குழுவுக்கும் காவல் பாதுகாப்பு அளிக்க வேண்டும்.
(ஆ) எதிர்ப்பாளர்களையும் படக்குழுவையும் ஒரே மேசையில் அமர்த்தி ஆட்சியர் முன்னிலையில் பேச வாய்ப்பளிக்க வேண்டும். அப்பேச்சு காட்சியை வெட்டச் சொல்லும் கட்டாயமாக மாறக் கூடாது.
(இ) தவிர்க்க முடியாமல் தடை பிறப்பிக்க நேர்ந்தால், எழுத்துபூர்வமான காரணத்துடன் அன்றே நகல் வழங்க வேண்டும்; நகல் கையில் கிடைத்தால்தான் நீதிமன்றம் செல்ல முடியும்.

3. திரையரங்கு வாசலில் வயது

2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 'யு/ஏ' சான்று 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இது பெற்றோருக்கான வழிகாட்டுதல். பெற்றோரோ காப்பாளரோ தவிர வேறு எவரும் இதை வற்புறுத்த முடியாது. 'ஏ' சான்று அப்படியல்ல. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அப்படத்தைக் காட்டுவது குற்றம்.

நடைமுறையில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. 'யு/ஏ 16' படத்துக்குத் தகப்பனாரோடு வந்த பிள்ளையைத் தடுப்பது தவறு; 'ஏ' படத்துக்குச் சீருடையோடு வந்த மாணவர்களை உள்ளே விடுவதும் தவறு. திரையரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால், டிக்கெட் கவுன்ட்டரில் படத்தின் சான்று வகையையும் அதன் பொருளையும் பெரிய தமிழ் எழுத்தில் வைக்க ஆணையிட வேண்டும். வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஊழியருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரவும் வேண்டும்.

4. வீடியோ கேமுக்கு வயது

1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில், அசையும் படம் மனத்தை மற்றக் கலைகளைவிட ஆழமாக அசைக்கும் என்பதால் அதற்கு முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கேமில் பிள்ளை பார்வையாளராக இருப்பதில்லை. துப்பாக்கியை அவனே பிடிக்கிறான், காரை அவனே ஓட்டுகிறான். அப்படியிருந்தும் கடையில் விற்கும் கேமுக்கோ மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கேமுக்கோ வயது வகுத்துத் தர இந்தியாவில் சட்டப்படியான வாரியம் எதுவும் இல்லை. செல்போனில் பதிவிறக்கும் கேமுக்குக் காட்டப்படும் வயது, தயாரித்த நிறுவனமே கேள்வித்தாளை நிரப்பிப் பெறுவது. 18 வயதுக்கு மேல் என்று ஐரோப்பாவின் 'பெகி' அமைப்பு வகுத்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' கேமை இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஆடலாம், கேட்பார் இல்லை.

இதற்காகக் கேம்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. அதன் இந்தியப் பதிப்பு 2021இல் வந்தது, 2022இல் நிறுத்தப்பட்டது, 2023இல் திரும்பி வந்தது. அந்தத் தடைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நாட்டுப் பாதுகாப்பும் தரவும். பிள்ளைகளின் வயது அல்ல. கேமும் கலைதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா' என்ற கேம் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் உள்ள கருத்துரிமை கேமுக்கும் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது. நாங்கள் கேட்பது முன்தணிக்கை அல்ல. பெற்றோர் கண்ணில் படும்படி ஒரு வயதுக் குறிப்பு மட்டுமே.

ஆகவே,
(அ) பத்மநாபபுரம் நகராட்சியும் பேரூராட்சிகளும் கேமிங் சென்டர்களுக்கு உரிமம் வழங்கும்போது, ஒவ்வொரு கேமின் பன்னாட்டு வயதுக் குறிப்பையும் தமிழில் எழுதி வைப்பதையும், பள்ளி நேரத்தில் மாணவர்களை அனுமதிக்காமல் இருப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும்.
(ஆ) கேம்களுக்கு வயது வகுக்க ஒரு தேசிய முறை தேவை என்று மாநில அரசின் வழியாக ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கேம் செய்யும் சிறு தயாரிப்பாளர்களுக்குக் கட்டணம் இருக்கக் கூடாது.

5. பணம் கட்டி ஆடும் விளையாட்டு

தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் உருவாகி, ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது என்ற விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டத்தின் பிடிக்குள் தெளிவாக வராத ஓர் இடம் மீதமிருக்கிறது. கேமுக்குள் காசு கட்டிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று திறந்தால்தான் தெரியும். 'லூட் பாக்ஸ்' எனப்படும் இதைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. இங்கே தாத்தாவின் செல்போனில் உள்ள யுபிஐ வழியாகப் பத்து, இருபது, ஐம்பது என்று பணம் போகிறது. பாஸ்புக்கைப் பதிவுசெய்யும் நாளில்தான் வீட்டுக்குத் தெரியவருகிறது.

ஆகவே,
(அ) தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் லூட் பாக்ஸையும் ஆராய வேண்டும் என்று தாங்கள் கடிதம் எழுத வேண்டும்.
(ஆ) பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம் என்பதைப் பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் வங்கிகளிலும் அறிவிக்க வேண்டும்.
(இ) பிள்ளைகள்மீது குற்றவாளி முத்திரை குத்தாமல், மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் ஆலோசனை அளிக்க வேண்டும்.

6. படப்பிடிப்பில் பெண்களின் பாதுகாப்பு

எங்கள் உறுப்பினர்களில் பலர் எல்லை தாண்டி மலையாளப் படங்களிலும் வேலை செய்பவர்கள். அங்கே திரைத்துறைப் பெண்களின் பணிநிலை குறித்து 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்ட நீதிபதி ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியானது. அறிக்கை மூடிக்கிடந்த ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வாய் திறக்காமல் வேலையைவிட்டுப் போயிருப்பார்கள் என்பது எங்களை உறுத்துகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவான பணியிடத்துப் பெண்கள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். குறும்படக் குழுக்கள் பெரும்பாலும் அந்த அளவுதான். ஆகவே படப்பிடிப்பு அனுமதி ஆணையிலேயே உள்ளூர்க் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டு, அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் குழுக்கள், தங்கள் உள்ளகப் புகார்க் குழுவின் விவரத்தை அனுமதி விண்ணப்பத்துடனேயே தர வேண்டும்.

7. அனுமதிகளுக்கு ஒரே மேசை

பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் ஊரில் இருக்கிறது. அதன் நிர்வாகமோ கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அங்கே படம்பிடிக்க அனுமதியைக் கேரளத்திடம் பெற வேண்டும்; வாசலில் போக்குவரத்துக்கும் கூட்டத்துக்கும் தக்கலைக் காவல் நிலையத்தை அணுக வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை அணை, காட்டோரம், கடற்கரை என்று இடம் மாறும்தோறும் துறையும் மாறுகிறது. கதையில் நாயோ ஆடோ நடித்தால் ஹரியானாவில் உள்ள விலங்குகள் நல வாரியம் வரை விண்ணப்பம் போக வேண்டும். இவை அனைத்துக்கும் வழிகாட்டும் ஓர் அலுவலரைச் சார் ஆட்சியர் அலுவலகத்தில் நியமிக்க வேண்டுகிறோம்.

8. குரலும் முகமும்

'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று ஊதியமும் தந்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். அந்த முறை சிறு கலைஞர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்துக்கு டப்பிங் பேசியவரின் குரலைப் பிறகு எத்தனை கேமிலும் ஓடவிடலாம் என்ற ஒப்பந்தங்களில் விவரம் அறியாமல் கையெழுத்திடுகிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக மாதம் ஒருமுறை தக்கலையில் இலவச ஆலோசனை முகாம் நடத்த ஆவன செய்ய வேண்டும்.

எங்கள் உறுதி

கேட்பதோடு நிற்காமல் நாங்களும் கட்டுப்படுகிறோம். படிவம் 'சி' அனுமதி இல்லாமல் பிள்ளைகளை நடிக்கவைக்கும் படப்பிடிப்பில் எங்கள் உறுப்பினர் எவரும் வேலை செய்ய மாட்டார்கள். எங்கள் உறுப்பினர்கள் உருவாக்கும் கேம்களில் வயதுக் குறிப்பு முகப்பிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கான கேமில் லூட் பாக்ஸ் இருக்காது. திரையரங்கில் படத்தைச் செல்போனில் பதிவுசெய்பவருக்கு 2023 திருத்தம் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது; அப்படிப்பட்டவருக்குச் சங்கத்தில் இடமில்லை. இவ்வுறுதிகளை மீறும் உறுப்பினர் நீக்கப்படுவார் என்று சங்கப் பொதுக்குழு தீர்மானித்துள்ளது.

மேற்கண்ட கோரிக்கைகளில் 1, 3, 6, 7 ஆகியவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. தங்கள் செயல்முறை ஆணையே போதும். மற்றவற்றை விவாதிக்க, தொடர்புடைய துறை அலுவலர்கள், திரையரங்கு உரிமையாளர்கள், கேமிங் சென்டர் நடத்துவோர், பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆகியோருடன் ஒரு மாதத்துக்குள் தக்கலையில் கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறும், இம்மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர் / செயலாளர் / பொருளாளர்
(சங்க முத்திரை)

இடம்: தக்கலை
நாள்:

நகல்:
1. காவல் கண்காணிப்பாளர், கன்னியாகுமரி மாவட்டம்.
2. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நாகர்கோவில்.
3. ஆணையாளர், பத்மநாபபுரம் நகராட்சி.
4. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், சென்னை.
5. மண்டல அலுவலர், மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம், சென்னை.